எட்டாத கிளைக்கு எட்டும் காமிரா

“ஏண்டீ, அந்தக் கிளையில வெள்ளையா உட்கார்ந்திருக்கே, அது கூழைக்கடாவா, நாரையா?”

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நிழல் பார்த்து உட்கார வைத்திருந்த இடத்திலிருந்து அம்மா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீருக்கு நடுவே மரங்கள். மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், யாரோ பஞ்சைப் பிய்த்துத் தூவினாற் போல. எது மூக்கு, எது வால் என்று எனக்கே புரியாதபோது எண்பத்திரண்டு வயசு அம்மாவுக்கு என்ன தெரியும்?

அம்மா பிறந்தது மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம். கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக நுழைத்து மீன் தின்னும் என்று, எங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்வாள். சின்ன வயசில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாம். “இன்னும் ஒரே ஒரு தரம் அதைப் பார்த்துடணும்” என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் காடராக்ட் ஆபரேஷன் ஆகி, பார்வை பரவாயில்லை. கைதான் நடுங்குகிறது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் இரக்கப்பட்டுத் தன் பைனாகுலரைக் கொடுத்தாள். அம்மா அதைக் கண்ணில் வைத்த இரண்டாவது நிமிஷமே, “பட்சியெல்லாம் ஊஞ்சல் ஆடுதுடீ, தலை சுத்துது, எடுத்துக்கோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை அவள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பட்சி அருகில் அம்மாவைக் கொண்டுபோக முடியாது. பட்சியை அம்மாவிடம் கொண்டு வரலாமே! நல்ல போட்டோவாக எடுத்து நம் வீட்டு டி.வி.யில் பெரிசாகப் போட்டுக் காட்டினால் போயிற்று.

இந்த இடத்தில் என் சொந்தக் குறையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை உண்டு. போன வருஷம் வலது தோள்பட்டை இறுகிப்போய், ஜாக்கெட் கொக்கி போடக்கூட இன்னொருத்தர் உதவி வேண்டியிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்றார் டாக்டர். பயிற்சி செய்து செய்து இப்போது தேவலை. ஆனாலும் கனமான எதையும் கையை நீட்டித் தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஆக, எனக்கு வேண்டிய காமிரா கைப்பைக்குள் அடங்க வேண்டும், ஆனால் ஏரி நடுவில் இருக்கும் மரத்துக்கு எட்ட வேண்டும்.

“அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு” என்றார் என் வீட்டுக்காரர். அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் ஏன் உங்களுக்கு இதை எழுதப் போகிறேன்!

முதலில் வாங்கியது சுத்த மோசம். கடையின் பேர் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற பையன், “எண்பது மடங்கு ஜூம் மேடம்! நிலாவே பக்கத்துல வரும்” என்றான். சீட்டுப் பணம் கையில் இருந்த தைரியம், கேள்வி கேட்காமல் வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் நின்று எதிர் வீட்டுத் தென்னையில் உட்கார்ந்த காக்காயை எண்பது மடங்கில் எடுத்தேன். காக்காயா அது? மழையில் நனைந்த கோலம் மாதிரிக் கறுப்பாக ஒரு கலங்கல்.

அக்கா பையன் வந்து அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. “சித்தி, இதுல நிஜமான ஜூம் அஞ்சு மடங்குதான். மீதி பதினாறு டிஜிட்டல் ஜூம். அஞ்சு பதினாறு எண்பது!”

வாய்ப்பாடு எனக்கும் தெரியும். தெரியாதது டிஜிட்டல் ஜூமின் லட்சணம். லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து, தூரத்தில் உள்ளதை நிஜமாகவே பெரிதாக்கிக் காட்டுவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி இழுத்துப் பெரிசு பண்ணுவது டிஜிட்டல் ஜூம். அரை ஆழாக்கு மாவைத் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பத்து தோசை வார்க்கிற கதை! அதனால் சகோதரிகளே, பெட்டி மேல் எத்தனை மடங்கு என்று போட்டிருந்தாலும், “ஆப்டிகல் எவ்வளவு?” என்று ஒரு கேள்வி. அதைத் தவிர வேறு எண்ணைக் காதில் வாங்கவே வாங்காதீர்கள்.

அந்த ஆப்டிகல் எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முப்பது மடங்கு என்றால் கண்ணுக்குத் தெரிவதைவிட முப்பது பங்கு கிட்டே வரும் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லையாம். அந்த லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும் நிலைக்கும் மிகக் கிட்டே பார்க்கும் நிலைக்கும் உள்ள விகிதம்தான் அது. காமிராக்காரர்கள் இதை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். முப்பது மடங்கு காமிரா பெரும்பாலும் 24-ல் ஆரம்பித்து 720-ல் முடியும். நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற அளவை ஏறக்குறைய 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். 720-ஐ 50-ஆல் வகுத்தால் பதினாலு சொச்சம். ஆக, முப்பது மடங்கு காமிரா பதினாலு மடங்கு பைனாகுலர் மாதிரி. சாதாரண பைனாகுலர் எட்டு அல்லது பத்து மடங்குதான். அப்படிப் பார்த்தால் பதினாலு கொஞ்சமில்லை!

“இவ்வளவு எதுக்கு, என் போன்லயே அஞ்சு மடங்கு லென்ஸ் இருக்கே” என்றாள் என் மருமகள். இருக்கிறதுதான், விலை உயர்ந்த போன்களில். அதே கணக்கைப் போடுங்கள். 24 இன்டு 5, 120. அதை 50-ஆல் வகுத்தால் இரண்டரை மடங்குகூட இல்லை. குழந்தை மேடையில் பாடுவதற்கு, கோயில் வாசலில் நின்று கோபுரத்துப் பொம்மையை எடுப்பதற்குப் போதும். ஏரி நடுவில் உள்ள கூட்டுக்குப் போதாது. போனே போதும் என்பவர்கள் தாராளமாக இத்தோடு இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம், காசு மிச்சம்.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. என்னென்ன கிடைக்கிறது என்று ஒரு மாசம் பார்த்தேன். போன்கள் வந்த பிறகு இந்தச் சின்ன காமிராக்களைச் செய்வதே குறைந்துவிட்டது. 2018-ல் வந்த கேனன் எஸ்.எக்ஸ்.740 நாற்பது மடங்கு, 960 வரை போகும், எடை 300 கிராம்தான். அதே வருஷம் வந்த சோனி எச்.எக்ஸ்.99 முப்பது மடங்கு, அதைவிட இலேசு. 2025-ல் பானசோனிக் டி.இசட்.99 வந்தது, அதுவும் 24-லிருந்து 720. இவை ஒரு ஜாதி. இன்னொரு ஜாதி, பெரிய உடம்பு கொண்டவை. 2018-ல் வந்த நிக்கான் பி1000 என்பது 125 மடங்கு, 3000 வரை எட்டும். கேட்கவே ஆசையாக இருக்கிறதல்லவா? எடை 1400 கிராமுக்கு மேல்! சினேகிதி வீட்டில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தூக்கிப் பிடித்த அரை நிமிஷத்தில் தோள் ‘வேண்டாம் தாயே’ என்றது. அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

சின்ன உடம்புக்குள் அவ்வளவு எட்டும் லென்ஸை எப்படி அடைக்கிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. படம் பதிகிற சென்சார் தகடு மிகமிகச் சின்னது. அகலம் ஆறு மில்லிமீட்டர், உயரம் நாலரை, ஒரு துவரம்பருப்பு அளவு என்று வையுங்கள். தகடு சின்னதானால் லென்ஸும் சின்னதாக இருந்தால் போதும். இன்னொரு வகையில் இதைவிடப் பெரிய தகடு உண்டு. ‘ஒரு அங்குல சென்சார்’ என்பார்கள், ஆனால் நிஜத்தில் அங்குலம் இல்லை. பதின்மூன்றுக்கு ஒன்பது மில்லிமீட்டர், அதாவது புளியங்கொட்டை அளவு. பரப்பளவில் துவரம்பருப்பைப் போல் நாலு பங்கு. தகடு பெரிசானால் ஒளி அதிகம் விழும், இருட்டிலும் படம் சுத்தமாக வரும். ஆனால் ஜூம் குறையும், விலை நன்றாகவே ஏறும். 2018-ல் வந்த பானசோனிக் டி.இசட்.200 பதினைந்து மடங்கு, 360 வரை. 2019-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100-ன் ஏழாவது மாடல் 200 வரைதான்.

இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரியவில்லை, ஒரு அரங்கேற்றத்தில் புரிந்தது. நாத்தனார் பேத்தி ஆடினாள். நான் என் முப்பது மடங்குடன் (ஆமாம், கடைசியில் அதைத்தான் வாங்கினேன், அந்தக் கதை பின்னால்) பின் வரிசையில் ஜம்பமாக உட்கார்ந்தேன். மேடையில் மஞ்சள் விளக்கு, சபையில் இருட்டு. ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸ் உள்ளே விடும் ஒளி ஆரம்ப நிலையில் விடுவதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது இந்தச் சின்ன காமிராக்களுக்கு உள்ள பொதுவான குணம். ஒளி போதாததால் காமிரா நிதானமாகப் படம் பிடிக்க, அதற்குள் குழந்தை நாலு அடவு முடித்துவிட்டாள். முகமே இல்லை, ஜிமிக்கியின் கோடு மட்டும் மினுமினு என்று ஓடியிருந்தது. பக்கத்திலே நாத்தனார் அந்தப் புளியங்கொட்டை ஜாதிக் காமிராவில், பாதித் தூரம்தான் எட்டினாலும், குழந்தையின் மையிட்ட கண்ணைத் தெளிவாக எடுத்து வைத்திருந்தாள்.

அதனால் யாராவது “எந்தக் காமிரா நல்லது?” என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, “நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள், எந்த நேரத்தில்?” என்பதுதான். சபா, கல்யாண மண்டபம், கோயில் உட்பிராகாரம் என்றால் பெரிய சென்சார், சின்ன ஜூம். பட்டப்பகலில் ஏரி, கோபுரம், மலை என்றால் சின்ன சென்சார், நீள ஜூம். இரண்டையும் ஒன்றிலேயே, அதுவும் கைப்பைக்குள் கேட்டால் கிடைக்காது. கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

மெகாபிக்ஸல் மெகாபிக்ஸல் என்று ஒரு பைத்தியம் வேறு. நம் வீட்டு டி.வி. ஃபுல் எச்.டி. என்றால் அதற்கு வேண்டியது இரண்டு மெகாபிக்ஸல். 4கே டி.வி.க்கு எட்டு. இந்தக் காமிராக்களில் பதினெட்டு, இருபது இருக்கிறது. போதுமோ போதும்.

நான் ஒரே பிடியாக நின்றது ஒரு விஷயத்தில்தான். கண்ணை ஒட்டிப் பார்க்கிற சின்ன ஜன்னல், வியூ பைண்டர் என்பார்களே, அது கட்டாயம் வேண்டும் என்றேன். அக்கா பையன், “பின்னாடி பெரிய ஸ்கிரீன் இருக்கே சித்தி, எதுக்கு?” என்றான். அவனுக்கு இருபத்தாறு வயசு, கண் நன்றாகத் தெரிகிறது. எனக்கு ஐம்பத்தெட்டு. கிட்டே இருக்கும் ஸ்கிரீனைப் பார்க்க மூக்குக் கண்ணாடி வேண்டும், தூரத்துப் பட்சியைத் தேட அதைக் கழற்ற வேண்டும். போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி... அதற்குள் பட்சி கரிக்கிலிக்கே போய்விடும்! ஏரிக்கரை வெயிலில் ஸ்கிரீன் வேறு கண்ணாடி மாதிரி நம் முகத்தைத்தான் காட்டும். வியூ பைண்டரில் நம் பார்வைக்குத் தகுந்தபடி திருகி வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சக்கரமோ நெம்புகோலோ இருக்கும். ஒரு தரம் சரி பண்ணினால் கண்ணாடியே வேண்டாம்.

அதைவிட முக்கியம், காமிராவை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்போது முழங்கை இரண்டும் விலாவில் அண்டி நிற்கிறது. கை நடுங்குவதில்லை, தோளும் வலிப்பதில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக் கையை நீட்டிப் பிடிப்பது என் போன்றவர்களுக்கு ஆகவே ஆகாது. நான் சொன்ன மாடல்களில் கேனன் 740-க்கும் பானசோனிக் 99-க்கும் இந்த ஜன்னல் கிடையாது. நான் வாங்கியதில் இருக்கிறது.

வாங்கியது பழைய காமிராதான். புதிதாகத் தேடினால் கிடைக்கவில்லை. பழையது வாங்குகிறவர்கள் வெட்கப்படாமல் கடையிலேயே சோதித்துவிட வேண்டும். ஜூமை முழுக்க நீட்டி, முழுக்கச் சுருக்கி, நாலைந்து தடவை பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ நடுவில் முக்கினாலோ வேண்டாம். வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ ஜூம் நீட்டி ஒரு படம் எடுத்து, ஸ்கிரீனில் பெரிசாக்கிப் பாருங்கள். சாம்பலாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. லென்ஸ் கழற்ற முடியாத காமிராவில் அதை நாம் துடைக்க முடியாது. பாட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள், வயிறு உப்பியிருந்தால் வேறு கேளுங்கள். நான் ஒன்றை இப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது கடையில் கிடைத்தது நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அப்பியாசம். முழு ஜூமில் பட்சியைத் தேடுவது, பழைய கிணற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது மாதிரி. கொஞ்சம் கை அசைந்தால் வெறும் வானம்தான் தெரியும். முதலில் ஜூம் இல்லாமல் மரத்தைப் பிடித்து, பட்சியை நடுவில் வைத்து, மெல்ல மெல்ல நீட்ட வேண்டும். சில காமிராக்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் ஜூம் பின்வாங்கி, விட்டதும் பழைய இடத்துக்கே போகும், அது ரொம்ப உபயோகம். கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி எல்லாக் காமிராவிலும் இருக்கிறது. ஆனால் அது நம் கை ஆட்டத்தைத்தான் சரிக்கட்டும், பட்சியின் ஆட்டத்தை அல்ல. பட்சி சிறகடித்தால் ஷட்டர் வேகம் வேண்டும், அதற்கு வெயில் வேண்டும்.

இன்னொரு யுக்தி நானே கண்டுபிடித்தது, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்! பேத்தி குழந்தையாக இருந்தபோது தைத்த கடுகுத் தலையணை பரணில் கிடந்தது. அதைக் கரைக் கம்பி மேல் போட்டு, காமிராவை அதில் அமுக்கி வைத்தால் பிள்ளை மாதிரி ஆடாமல் தூங்குகிறது. ஸ்டாண்டு தூக்குகிற வேலையே இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, ஏழு மணிக்கெல்லாம் நானும் வீட்டுக்காரரும் மறுபடி வேடந்தாங்கல் போனோம். அம்மாவை அழைத்துப் போகவில்லை. பனியும் அலைச்சலும் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. காலை நேரமாகப் பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் தண்ணீர் மேல் காற்று கானல் மாதிரி நெளியும், எவ்வளவு நல்ல லென்ஸானாலும் படம் அலை அலையாகத்தான் வரும். ஜூம் நீள நீள அந்த நெளிவும் கூடவே பெரிசாகும்.

தூரத்திலிருந்து எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்ததே, ஜூமில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சேராமல் பாக்குவெட்டி மாதிரி இடைவெளி விட்டிருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கம் இளம் ரோஜா நிறம், கல்யாணப் பட்டின் கரை போல. கரண்டிவாயனுக்கு நிஜமாகவே கரண்டி. போன தடவை அதே இடத்தில் நின்று இதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

கூழைக்கடாக் கூட்டுக்கு எதிரே மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். இரண்டு குஞ்சுகள். தாய் வரவே இல்லை. “போதும், வா, சுகர் மாத்திரை போடணும், சாப்பிடலை நீ” என்று இவர் நச்சரிக்கத் தொடங்கியபோது மேலிருந்து ஒரு பெரிய நிழல் இறங்கியது. தலையணையில் அமுக்கிக்கொண்டு விரலை எடுக்காமல் அழுத்தினேன். காமிரா படபடவென்று அடித்துத் தள்ளியது. நாற்பது படம். முப்பத்தைந்து வீண், சிறகு மறைத்தது, தலை வெட்டுப்பட்டது. ஐந்து தேறியது.

சாயங்காலம் டி.வி.க்கு நேரே அம்மாவை உட்கார வைத்து, கார்டைச் சொருகிப் படத்தைப் போட்டேன். சுவர் முழுக்கக் கூழைக்கடா. குஞ்சின் தலை கழுத்து வரை தாயின் பைக்குள் போயிருக்கிறது. பையின் தோல் வெயிலில் எண்ணெய்க் காகிதம் மாதிரித் தெரிகிறது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு டி.வி. கிட்டே போனாள். விரலை அந்தக் குஞ்சு மேல் வைத்தாள்.

“எங்கப்பா தோள்ல இருந்து பார்த்தப்போ இன்னொண்ணு பின்னாடி வரிசையில நிக்கும்டீ, சண்டை போட்டுக்கிட்டு. அது எங்கே?”

“அடுத்த படத்துல இருக்கும்மா.”

“போடு, போடு.”